சுண்ணாம்புச் சாந்து

உம்மும்மா வீட்டுப் பழைய சுண்ணக்கல் மதிலின் இடுக்குகளில் வாப்பா சீமெந்து அடைத்தார். இரண்டு மாரி கழிய, அது கல்லின் முகத்தையும் உரித்துக்கொண்டு விழுந்தது. ஏனென்று தேடியபோது நான் கற்றது இது.

சுண்ணக்கல்லைச் சூளையில் சுட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறும். எஞ்சும் சுட்ட சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக நீரில் இட, அது கொதித்து நீறும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. சில வாரங்கள் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துக் குழைக்க வேண்டும்.

இச்சாந்து வெறுமனே உலர்ந்து இறுகுவதில்லை. காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகிறது. அதற்கு ஈரமும் தேவை. ஆகவே சில நாட்கள் நனைத்த சாக்கால் மூடிவைக்க வேண்டும். சீமெந்து கல்லுக்குள் ஈரத்தை அடைத்துவிடும். சுண்ணாம்போ வெளியேற விடும்.

இம்முறை நானும் வாப்பாவும் சாந்து குழைத்து அடைத்தோம். வரும் மாரிதான் எங்களுக்குப் பரீட்சை.