மோட்டார் வண்டியின் பிரேக் திரவமும் அதன் பராமரிப்பும்

எஞ்சின் எண்ணெயைக் காலந்தவறாது மாற்றுவோர் பலர். பிரேக் அமைப்பினுள் உள்ள திரவத்தைப் பற்றி நினைப்போர் சிலரே. பட்டறைகளில் 'பிரேக் ஆயில்' என வழங்கும் இத்திரவம், பெயரில் எண்ணெயாயினும் தன்மையில் எண்ணெய் அன்று. ஒரு காரில் இது ஏறக்குறைய அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரையே இருக்கும். வண்டி ஓடாமல் நின்றாலும் இது நாளடைவில் கெடுகின்றது. ஆண்டில் பல மாதங்கள் கொட்டகையில் நிற்கும் கள அலுவலக ஜீப்புகளுக்கு இச்செய்தி மிகவும் பொருந்தும்.

விசை கடத்தப்படும் முறை

மூடிய கலத்தில் உள்ள திரவத்தின்மேல் செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது, 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதியாகும். ஜோசப் பிராமா 1795இல் இவ்விதியைக் கொண்டு நீரழுத்தப் பொறியை அமைத்தார். மால்கம் லாக்ஹெட் அமெரிக்காவில் திரவ பிரேக்குக்கு 1917இல் காப்புரிமை பெற்றார். 1921இல் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அத்தகைய பிரேக்குடன் வெளிவந்தது.

ஓட்டுநர் மிதியை 20 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் அழுத்துவதாகக் கொள்வோம். மிதி ஒரு நெம்புகோல் ஆதலின், அவ்விசை ஐந்து மடங்காகி, 100 கிலோகிராம் எடை அளவில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். அப்பிஸ்டனின் பரப்பு 4 சதுர சென்டிமீட்டராயின், திரவத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோகிராம் அழுத்தம் தோன்றும். சக்கரத்தில் உள்ள பிஸ்டனின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டராயின், அங்கே 500 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசை கிடைக்கும்.

திரவம் அழுத்தத்தால் சுருங்குவது மிகமிகக் குறைவு என்பதே இக்கணக்குக்கு ஆதாரம். காற்றோ ஆவியோ குழாயில் கலந்தால் இவ்வாதாரம் தகர்ந்துவிடும். அப்போது மிதியின் அசைவு வாயுவைச் சுருக்குவதிலேயே செலவாகும். சக்கரத்திற்கு விசை சென்று சேராது.

திரவத்தின் இயல்பு

தொடக்க காலத்தில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த கலவை பிரேக் திரவமாகப் பயன்பட்டது. கனிம எண்ணெய் இயற்கை ரப்பரை உப்பச் செய்து கெடுக்கும். ஆமணக்கெண்ணெய் அவ்வாறு செய்யாது. எனினும் அக்கலவையின் கொதிநிலை தாழ்ந்தது. ஆகவே பின்னர் கிளைக்கால் ஈதர்களை அடிப்படையாகக் கொண்ட திரவங்கள் வழக்கிற்கு வந்தன.

இன்று கிடைக்கும் திரவங்கள் அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதியை ஒட்டி 'டாட்' எனும் குறியீட்டால் வகைப்படுத்தப்படுகின்றன. அவ்விதி கோரும் குறைந்த அளவுக் கொதிநிலைகள் வருமாறு:

டாட் 3: ஈரமற்ற நிலையில் 205 பாகை செல்சியஸ், ஈரமேறிய நிலையில் 140 பாகை.
டாட் 4: ஈரமற்ற நிலையில் 230 பாகை, ஈரமேறிய நிலையில் 155 பாகை.
டாட் 5.1: ஈரமற்ற நிலையில் 260 பாகை, ஈரமேறிய நிலையில் 180 பாகை.

ஈரமேறிய நிலை என்பது, திரவத்தில் ஏறக்குறைய 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையாகும். நூற்றில் நான்கு பங்குக்கும் குறைந்த நீர், டாட் 3 திரவத்தின் கொதிநிலையை 65 பாகை தாழ்த்திவிடக் கூடும் என்பது இவ்வெண்களால் விளங்கும்.

மழைக்காலத்தில் சாடியில் உள்ள உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசிவதுபோல, கிளைக்கால் ஈதர் திரவமும் ஈரத்தை ஈர்க்கின்றது. திரவத் தொட்டியின் மூடியில் உள்ள காற்றுத் துளை வழியாகவும், சக்கரங்களுக்குச் செல்லும் ரப்பர் குழாய்களின் சுவரை ஊடுருவியும் ஈரம் உட்புகும். இதற்கும் வண்டி ஓடிய தூரத்திற்கும் தொடர்பில்லை. கொதிநிலையைத் தாழ்த்துவதோடு, இவ்வீரம் உலோகப் பகுதிகளில் துருவையும் உண்டாக்கும்.

மலைப்பாதையில் நிகழ்வது

முசோரியிலிருந்து தேராதூனுக்கு இறங்கும் வண்டி சுமார் 1,300 மீட்டர் உயரம் தாழ்கின்றது. வண்டியின் நிறை 1,500 கிலோகிராம் எனக் கொண்டால், இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 1 கோடியே 91 லட்சம் ஜூல் ஆகும். இது 57 லிட்டர் தண்ணீரை 20 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எஞ்சினின் தடையைப் பயன்படுத்தாமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், இவ்வெப்பத்தின் பெரும்பகுதி பிரேக் தகடுகளையும் டிரம்களையும் சேரும். அங்கிருந்து ஒரு பகுதி திரவத்தையும் அடையும்.

மிதி அழுத்தப்பட்டிருக்கும்வரை மிகுந்த அழுத்தம் திரவத்தைக் கொதிக்க விடாது. ஓட்டுநர் காலை எடுத்தவுடன் அழுத்தம் குறையும். ஈரமேறிய திரவம் ஆவியாகும். அடுத்த வளைவில் மிதியை அழுத்தினால் அது தடையின்றித் தரைவரை இறங்கிவிடும். இதுவே ஆவித்தடை எனப்படும்.

வண்டி நின்று குளிர்ந்ததும் அவ்வாவி மீண்டும் திரவமாகின்றது. மிதியும் பழையபடி உறுதியாகின்றது. ஆகவே விபத்துக்குப் பின் பிரேக்கைச் சோதிப்பவர் குறையொன்றும் காணாமல், ஓட்டுநரின் கவனக் குறைவே காரணம் என முடிவு செய்ய இடமுண்டு. திரவத்தின் ஈரத்தையோ கொதிநிலையையோ அளந்தாலன்றி உண்மை வெளிப்படாது.

இதனின் வேறான கோளாறு ஒன்றும் உண்டு. அளவு கடந்து சூடேறிய உராய்வுப் பட்டைகள் பிடிப்பை இழத்தல் கூடும். அப்போது மிதி உறுதியாகவே இருக்கும். ஆனால் வண்டி நிற்காது. மிதி தாழ்ந்தால் திரவத்தையும், மிதி உறுதியாயிருந்தும் வண்டி நில்லாவிடில் பட்டைகளையும் முதலில் ஐயுறுதல் வேண்டும்.

இறக்கத்தில் தாழ்ந்த கியரிலேயே செல்லல் வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்தக் கருதி எஞ்சினை நிறுத்தலாகாது. நிறுத்தினால் எஞ்சினின் தடையும், பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசையும் இல்லாமற்போகும். மிதி தாழ்ந்துவிட்டால் அதனை விரைந்து பலமுறை அழுத்தி, படிப்படியாகக் கியரைத் தாழ்த்தி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தல் வேண்டும். குளிர்ந்தபின் மிதி சீரானது கண்டு ஏமாறாது, திரவத்தை மாற்றிய பின்னரே வண்டியை மீண்டும் எடுத்தல் வேண்டும்.

பராமரிப்பு விதிகள்

1. உற்பத்தியாளர் குறித்த காலத்தில் திரவத்தை முழுவதும் மாற்றுக. பல வண்டிகளுக்கு இது ஏறக்குறைய 2 ஆண்டாகும். மாற்றிய தேதியை வண்டியின் பதிவேட்டில் எழுதுக.

2. நிறத்தை மட்டும் நம்பலாகாது. கருத்த திரவத்தை மாற்றவே வேண்டும். தெளிந்த திரவமும் ஈரமேறியதாக இருத்தல் கூடும்.

3. தொட்டியில் மட்டம் இரு கோடுகளுக்கு இடையே இருத்தல் வேண்டும். பட்டைகள் தேயத் தேய மட்டம் மெல்லத் தாழ்வது இயல்பு. திடீரெனத் தாழ்ந்தால் கசிவு உண்டெனக் கொள்க. காரணம் காணாமல் மேலும் ஊற்றுவது நோயை மறைப்பதாகும்.

4. திறப்பதற்கு முன் மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைக்க. முத்திரை உடையாத டப்பியிலிருந்தே ஊற்றுக. நெடுநாள் திறந்துகிடந்த டப்பியைப் பயன்படுத்தலாகாது.

5. எஞ்சின் எண்ணெய் முதலிய கனிம எண்ணெய் சிறிதும் சேரலாகாது. ரப்பர் அடைப்பான்கள் உப்பிக் கெடும். டாட் 5 எனும் சிலிக்கோன் திரவத்தை மற்றவற்றோடு கலத்தலும் ஆகாது. 5, 5.1 எனும் எண்கள் நெருங்கியிருப்பினும் திரவங்கள் வெவ்வேறு.

6. காற்றை வெளியேற்றுகையில் தொட்டி வறளவிடலாகாது. வெளிவந்த திரவத்தை மீண்டும் ஊற்றலாகாது. சறுக்கல் தடுக்கும் மின்னணுக் கருவியுள்ள வண்டிகளில் இவ்வேலையை வண்டிக்குரிய கையேட்டின்படியே செய்தல் வேண்டும்.

7. இத்திரவம் நஞ்சு; வண்ணப்பூச்சையும் அரிக்கும். குடிநீர்ப் புட்டிகளில் வைத்தலாகாது. உடலிலோ வண்டியிலோ பட்டால் உடனே நீரால் கழுவுக.

வகுப்பறைச் சோதனைகள்

ஊசியற்ற இரு பிளாஸ்டிக் சிரிஞ்சுகளை, 5 மில்லிலிட்டரும் 20 மில்லிலிட்டரும் கொள்வனவாகத் தேர்ந்து, சிறு குழாயால் இணைத்து நீர் நிரப்புக. மாணவர் இருவர் எதிரெதிரே அழுத்தினால், சிறிய சிரிஞ்சை அழுத்துபவர் எளிதில் வெல்வார். பின்னர் குழாயில் காற்றுக் குமிழ் ஒன்றைச் செலுத்தி மீண்டும் அழுத்தச் செய்க. சிறிய சிரிஞ்சு சிறிது தூரம் வீணே நகர்வதைக் காணலாம்.

ஈரம் ஈர்க்கும் இயல்பைக் காட்டப் பிரேக் திரவம் வேண்டா. மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரின் போதும். அகன்ற தட்டில் சிறிதளவு ஊற்றி, நுட்பமான தராசில் நிறுத்து, ஈரமான காற்றில் சில நாள் திறந்து வைத்து மீண்டும் நிறுக்கச் செய்க. கூடிய எடை காற்றிலிருந்து வந்த நீரே.

வினாக்கள்

1. ஓராண்டில் 2,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய ஜீப்புக்கும் பிரேக் திரவத்தை உரிய காலத்தில் மாற்றுவது ஏன்?

2. மிதி அழுத்தியிருக்கையில் கொதிக்காத திரவம், காலை எடுத்தபின் கொதிப்பது எதனால்?

3. மலைப்பாதை விபத்து ஒன்றை ஆராய்பவர், மிதி உறுதியாயிருக்கக் கண்டும் வேறு எதனை அளத்தல் வேண்டும்?