புதிதாக மாமன்றம் போகிறவர்களுக்கு

சென்னை மாநகராட்சித் தேர்தலில் ஜெயித்து முதல்முறையாக மாமன்றத்துக்குப் போகிற தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எந்தக் கட்சியானாலும் சரி, சுயேச்சையானாலும் சரி. எம்.எல்.ஏ.வைப் பார்க்க நேரம் கேட்க வேண்டும். எம்.பி. டெல்லியில் இருப்பார். கவுன்சிலர் வீட்டுக் கதவைத்தான் காலை ஆறு மணிக்குக் காலிக் குடத்தோடு வந்து தட்ட முடியும். தட்டுகிறவருக்கு நீங்கள் என்ன செய்து கொடுக்க முடியும் என்பதைப் பற்றித்தான் என் பேச்சு முழுவதும்.

1. எந்த நாற்காலி என்று தெரிந்து உட்காருங்கள்

1688-இல் தொடங்கிய மாநகராட்சி இது. இந்தியாவிலேயே பழையது. ரிப்பன் மாளிகை 1913-இல் திறக்கப்பட்டது. ஆனால் இந்தப் பெருமையைவிட நீங்கள் மனதில் வைக்க வேண்டியது வேறொன்று. 1973-இல் மாமன்றம் கலைக்கப்பட்டது. அதன் பிறகு 1996 வரை, 23 வருஷம், சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது. 96-இல் நாங்கள் உள்ளே போனபோது மன்றக் கூட்டம் எப்படி நடக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள, வயதான பழைய உறுப்பினர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. உள்ளாட்சி மன்றத்துக்கு ஐந்தாண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் என்று 74-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்து 1993-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகும் 2016 முதல் 2022 வரை தனி அலுவலர் ஆட்சிதான். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல ஆளில்லாமல் ஜனங்கள் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். கவுன்சிலர் இல்லாவிட்டால் ஊருக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்று யாரும் சொல்லாதபடி நடந்துகொள்வது உங்கள் கையில் இருக்கிறது.

2. யாருடைய வேலை எது என்பதை முதல் மாதத்திலேயே படித்துவிடுங்கள்

உங்களிடம் வரும் புகாரில் பெரும்பகுதி மாநகராட்சிக்குச் சம்பந்தமில்லாதது. குடிதண்ணீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்திடம். 1978-க்கு முன்னால் அதுவும் மாநகராட்சி வேலையாகத்தான் இருந்தது. வாரியம் வந்த பிறகு கைமாறிவிட்டது. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கூவமும் அடையாறும் நீர்வளத் துறை. விளக்குக் கம்பம் நம்முடையது, டிரான்ஸ்ஃபார்மர் மின்வாரியத்துடையது. உட்புறத் தெருவை மண்டலம் பார்க்கும், பஸ் போகும் சாலைக்கு ரிப்பன் மாளிகையில் தனித் துறை. பட்டாவுக்குத் தாசில்தார்.

இதையெல்லாம் படித்துக்கொள்ளச் சொல்வது, வந்தவரைத் திருப்பி அனுப்புவதற்காக இல்லை. வீட்டுக்குள் சாக்கடை ஏறி நிற்கிற அம்மாவிடம் "அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிற கவுன்சிலரை அந்தத் தெரு மறக்காது. வாரியத்தின் டெப்போ பொறியாளர் யார், அடைப்பெடுக்கும் வண்டி இன்றைக்கு எந்தத் தெருவில் நிற்கிறது, அதற்கடுத்து எங்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அம்மா எதிரிலேயே போன் செய்யுங்கள். சாயங்காலம் நீங்களே போய்ப் பாருங்கள்.

3. நோட்டுப் போடுங்கள்

தேதி, தெரு, ஆள் பெயர், குறை, யாரிடம் சொன்னோம், என்ன ஆயிற்று. ஆறு கட்டம் போதும். செல்போனில் வந்ததையும் அதிலேயே ஏற்றுங்கள். மாநகராட்சியின் 1913 உதவி எண்ணுக்குப் போன் அடித்துப் புகார் எண்ணையும் வாங்கிப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சை அதிகாரி மறந்துவிடலாம், எண் போட்ட புகாருக்கு அவர் பதில் எழுதியே ஆக வேண்டும்.

4. விடிகாலையில் தூய்மைப் பணியாளர்களைப் பாருங்கள்

1973-இல் மாமன்றம் ஏன் கலைந்தது என்று இளையவர்களுக்குத் தெரியாது. மஸ்டர் ரோல் ஊழல். வேலைக்கு வராத ஆட்களின் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதிக் கூலி எடுத்த விவகாரம். அந்த ஒரு பதிவேட்டால் ஒரு தலைமுறைக்கே வாக்குரிமை போயிற்று. அதனால்தான் சொல்கிறேன், வாரத்தில் இரண்டு நாளாவது வருகைப் பதிவு எடுக்கும் நேரத்தில் அங்கே போய் நில்லுங்கள். எத்தனை பேர் பெயர் இருக்கிறது, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். கையுறை கொடுத்தார்களா, காலுக்குச் செருப்பாவது இருக்கிறதா, சம்பளம் எந்தத் தேதிக்கு வந்தது என்று அவர்களிடமே கேளுங்கள். உங்கள் வார்டில் எந்த வீட்டுக்காரர் குப்பையைப் பிரித்துக் கொடுக்கிறார், எந்தக் கடைக்காரர் ராத்திரியில் மூட்டையைக் கால்வாயில் தள்ளுகிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எந்த அதிகாரியின் அறிக்கையிலும் அது வராது.

5. ரோடு போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும். இதை மில்லிங் என்பார்கள். சுரண்டாமல் மேலேயே போட்டால் நேரமும் செலவும் மிச்சம். ஆனால் ஒவ்வொரு தடவையும் தெரு உயர்ந்துகொண்டே போகும். வடசென்னையில் பழைய வீடுகளைப் பாருங்கள். படியேறிப் போன வாசலுக்கு இன்றைக்கு இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. அரை மணி மழைக்கே அரிசி டின்னைக் கட்டில்மேல் தூக்கி வைக்கிறார்கள். வேலை தொடங்குமுன் ஒரு வீட்டு வாசல்படியில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கிருந்து ரோட்டு மட்டம் எவ்வளவு என்று டேப் பிடித்து எழுதி வையுங்கள். முடிந்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள். உதவிப் பொறியாளரும் ஒப்பந்ததாரரும் எதிரில் இருக்கும்போதே அளப்பது நல்லது.

வடிகாலுக்கும் இப்படித்தான். மதிப்பீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பக்கம் வாட்டம், கடைசியில் எந்தக் கால்வாயில் சேர்கிறது, வண்டல் தேங்கும் தொட்டி எத்தனை அடிக்கு ஒன்று என்று கேளுங்கள். நடுவில் ஒரு மின்சாரப் பெட்டியோ மரமோ குறுக்கிட்டு, இரண்டு துண்டாகக் கட்டி இணைக்காமல் விட்ட வடிகாலில் தண்ணீர் எங்கே போகும்? கொசுவுக்குத்தான் அது தொட்டி. சாக்கடைக் குழாயைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் சேர்த்திருப்பவர்களையும் அப்போதே கண்டுபிடிக்கலாம். வெயில் காலத்திலும் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது சாக்கடைதான், சந்தேகமே வேண்டாம்.

புது ரோடு போட்ட மறுவாரம் கேபிளுக்காக வெட்டுவார்கள். அதனால் ரோடு போடும் பட்டியல் வந்தவுடனே குடிநீர் வாரியத்துக்கும் மின்வாரியத்துக்கும் உங்கள் பெயரில் கடிதம் போய்விட வேண்டும்.

6. வீடு கட்டுகிறவர் வாசலுக்குப் போகாதீர்கள்

மணல் கொட்டிய அன்றே ஆள் அனுப்புகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. ஆயுசெல்லாம் சேர்த்த பணத்தில், நகையை அடகு வைத்து ஒருவர் வீடு கட்டுகிறார். அவரிடம் கை நீட்டுவது திருட்டு. அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஒப்பந்ததாரரிடம் பங்கு வாங்கினவர் அவர் போட்ட ரோட்டை எப்படி அளக்க முடியும்? மாநகராட்சி ஒப்பந்தத்தில் உறுப்பினருக்குப் பங்கு இருந்தால் பதவியே போய்விடும், அதுவும் நினைவிருக்கட்டும்.

2023 முதல் மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். குடும்பம் நடத்த அது போதாது. அதை உயர்த்த வேண்டும் என்பதே என் கருத்து, வெளிப்படையாகக் கேளுங்கள், நானும் உங்களோடு வந்து கேட்கிறேன். அது வரும்வரை உங்கள் தொழிலை விடாதீர்கள். தையல் தெரிந்தால் தைத்துக்கொண்டே கவுன்சிலராக இருக்கலாம்.

7. மன்றத்தில் பொருள் நிரலைப் படித்துவிட்டுப் பேசுங்கள்

கூட்டத்துக்கு முன் கட்டுக் கட்டாகத் தீர்மானங்கள் வரும். படிக்காமல் போனால் கைதட்டி நிறைவேற்றிவிட்டு டீ குடித்துவிட்டு வர வேண்டியதுதான். குறைந்தது உங்கள் மண்டலம் சம்பந்தப்பட்டதையாவது முழுசாகப் படியுங்கள். கேள்வி நேரத்துக்கு எழுதிக் கொடுங்கள், நேரமில்லா நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். தலைவரைப் புகழ்வதற்கு மேடைகள் நிறைய இருக்கின்றன; மன்றத்தில் கிடைக்கும் நாலு நிமிடம் உங்கள் வார்டுக்குச் சொந்தம்.

மன்றத் தீர்மானத்தால் என்ன ஆகும் என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு 1920-ஐ நினைவுபடுத்துவேன். பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த மாமன்றம், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியம் சாப்பாடு போடத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. பின்னாளில் தமிழ்நாடு முழுக்கப் பரவிய மதிய உணவின் வேர் அந்த ஒரு தீர்மானத்தில் இருக்கிறது. 1939-இல் மேயரான சத்தியமூர்த்தி, சென்னையின் தாகத்துக்காகப் பூண்டி நீர்த்தேக்க வேலையைத் தொடங்க வைத்தார். 1944-இல் அது முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

8. தங்கைகளுக்குத் தனியாக ஒன்று

வார்டுகளில் பாதி இப்போது பெண்களுக்கு. 1956-இல் தாரா செரியன் முதல் பெண் மேயரானார். 2022-இல் பிரியா மேயராகி, அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தலித் பெண்ணானார். நம் இடம் யாரும் தானமாகக் கொடுத்ததில்லை. ஆகவே கையெழுத்து உங்களுடையது, போன் உங்களுடையது, ஆய்வுக்குப் போகிற கால் உங்களுடையது. வீட்டுக்காரர் உதவட்டும், வண்டி ஓட்டட்டும், பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டு விடட்டும். அதிகாரி அவரிடம் பேச ஆரம்பித்தால் "சார், கவுன்சிலர் நான்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரண்டாம் நாள் சொன்னால் எடுபடாது.

9. சாவு வீட்டுக்குக் கட்டாயம் போங்கள்

கல்யாணத்துக்குப் போக முடியாவிட்டால் பரவாயில்லை. சாவு வீட்டில் மயானத்துக்குச் சொல்வதும் இறப்புச் சான்றிதழ் வாங்கித் தருவதும் உங்கள் பொறுப்பு. இரண்டும் மாநகராட்சியில் நடக்கிற வேலை. அந்த நேரத்தில் அவர்களை அலைய விடக் கூடாது.

10. ஏரியா சபையைக் கூட்டுங்கள்

2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் தமிழ்நாட்டு நகரங்களில் ஏரியா சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று வேண்டும் என்று எத்தனையோ பேர் வருஷக்கணக்காகக் கேட்டு வந்தது. அதைக் கட்சிக்காரர்களை மட்டும் வைத்து, நாற்காலி நிரப்பி, போட்டோ எடுத்து முடித்துவிடுகிற வார்டுகள் இருக்கின்றன. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். உங்களுக்கு ஓட்டுப் போடாத தெருவில் கூட்டுங்கள். நோட்டை எடுத்துப் போய், போன தடவை சொன்னதில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று படித்துக் காட்டுங்கள். திட்டுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். பதவியேற்ற வாரத்திலேயே முதல் கூட்டத்துக்குத் தேதி குறித்து, ரேஷன் கடைச் சுவரிலும் அம்மா உணவக வாசலிலும் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.