மலையைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கப் போகிறவர்களுக்கு

கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நீலகிரிக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது எந்தக் கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் நல்லது என்பதுதான். கையில் இருப்பதே போதும். தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. நினைவுக்கு வந்த வரிசையில் சொல்கிறேன்.

1. மலைக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் காற்றைப் பார்க்கப் பழகுங்கள். கோடநாடு காட்சிமுனையில் காலையில் நின்று பவானிசாகர் பக்கம் பாருங்கள். எதிர்வெயிலில் பக்கத்து முகடு கன்னங்கரேல் என்று இருக்கும். அதற்குப் பின்னால் இருப்பது ஒரு படி வெளுத்திருக்கும். கடைசி முகடு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. நிறமில்லாத படத்தில் ‘இது பக்கம், அது தூரம்’ என்று சொல்ல இந்த வெளுப்பை விட்டால் பெரிதாக வேறெதுவும் இல்லை. மலையை எடுப்பதாக நினைத்துக்கொண்டு பாதி நேரம் நாம் எடுப்பது காற்றைத்தான். நான் கீழே சொல்வதில் பாதிக்குமேல் இதிலிருந்தே வருகிறது.

2. தூரத்து நீல மூட்டம் வேறு, மேகம் வேறு. காற்றின் மூலக்கூறுகளும் மிக நுண்ணிய துகள்களும் சிவப்பு ஒளியைவிட நீல ஒளியையே அதிகமாகச் சிதறடிக்கின்றன. தூரத்து மலை நீலமாகத் தெரிவது அதனால்தான். ஆகவே நீலத்தைத் தடுக்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஃபில்டர்கள் இந்த மூட்டத்தைக் குறைத்துவிடும். ஆடி மாதத்தில் பள்ளத்திலிருந்து ஏறிவரும் மேகம் அப்படியல்ல. அது நீர்த்துளி. துளி பெரிது என்பதால் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும். அதனால்தான் அது வெள்ளை. அதை எந்தக் கண்ணாடியும் ஊடுருவாது. சிவப்பு ஃபில்டரை மாட்டிக்கொண்டு மேகத்துக்குள் நின்று ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று சொல்லும் பிள்ளைகளை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கிறேன்.

நீலத்தைத் தடுப்பதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்று உண்டு. 1860களில் சாமுவேல் போர்ன் இமயமலையில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். ஈரத் தகட்டு முறைதான் அன்றைக்கு இருந்தது. கூடாரத்தையே இருட்டறையாக்கி, கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டும். அந்தத் தகடு பெரும்பாலும் நீல ஒளியை மட்டுமே உணரும். அதனால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும், தூரத்து மூட்டம் கண்ணுக்குத் தெரிந்ததைவிடக் கனமாக விழும். இருந்தும் அந்தப் படங்களில் ஆழம் இருக்கிறது. பாறையையும் தேவதாரு மரத்தையும் முன்னால் கருப்பாக நிறுத்திவிட்டுப் பின்னாலிருக்கும் வெளுப்பை அவர் தனக்கு வேலை செய்ய வைத்துக்கொண்டார்.

3. ஃபிலிமில் எடுப்பவர்கள் ஆரஞ்சு ஃபில்டரில் தொடங்குங்கள். மஞ்சள் சுமார் ஒரு ஸ்டாப் ஒளியைத் தின்னும், ஆரஞ்சு இரண்டு, அடர்சிவப்பு மூன்று. ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையை எடுத்த கதை எல்லாரும் சொல்வது. முதலில் மஞ்சள் ஃபில்டரோடு ஒரு தகடு எடுத்தார். தன் மனதில் இருக்கும் வானம் இதில் வராது என்று தோன்றவே, மிஞ்சியிருந்த கடைசித் தகட்டை அடர்சிவப்பு ஃபில்டரோடு எடுத்தார். வானம் கிட்டத்தட்டக் கருப்பாகி, பாறை முன்னால் வந்து நின்றது. அன்றைக்கு அவருக்கு வயது 25. இதைக் கேட்டதும் எல்லாரும் சிவப்பு ஃபில்டர் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அது பனி மூடிய சியரா மலையின் வறண்ட காற்று, ஆழ்ந்த நீல வானம். நம் வானம் பாதி நாள் ஈரத்தில் வெளுத்துக் கிடக்கிறது. வெளுத்த வானத்தை எந்த ஃபில்டரும் கருக்காது, காட்டைத்தான் கருக்கும். சிவப்பு ஃபில்டரில் சோலைக்காடு முழுவதும் தார் ஊற்றியதுபோல் ஆகிவிடும்.

இன்னொன்று. மூட்டத்தை முழுக்கத் துடைத்துவிட்டால் முகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முதல் எண்ணில் சொன்ன தூரம் போய்விடும். கொஞ்சம் விட்டுவையுங்கள்.

4. டிஜிட்டலில் எடுப்பவர்கள் ‘ரா’ கோப்பாக எடுங்கள், திரையை மட்டும் மோனோக்ரோமில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும்போது கறுப்பு வெள்ளையாகத் தெரியும், நிறத் தகவலும் பத்திரமாக இருக்கும். வீட்டில் உட்கார்ந்து நீலத்தை இறக்கலாம், மஞ்சளை ஏற்றலாம். கலர் சென்சாருக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி மாட்டாதீர்கள். அதன் புள்ளிகளில் நாலில் ஒரு பங்குதான் சிவப்பை உணர்பவை, மற்றவை பெரும்பாலும் சும்மா இருக்கும். அதேபோல் கணினியில் நீலத்தை அடியோடு இறக்கினால் வானத்தில் மணல் தூவியதுபோல் புள்ளி கிளம்பும், முகட்டின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்தாலே எடுத்தவர் எங்கே அவசரப்பட்டார் என்று தெரிந்துவிடும்.

5. எந்த மாதத்தில் போவது? என்னைக் கேட்டால் தை, மாசி. மழைக்காலத்தில் புல்வெளியும் பச்சை, சோலையும் பச்சை. கண்ணுக்கு அழகுதான், படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகக் குழம்பிவிடும். உறைபனி விழுந்து புல் கருகி வைக்கோல் நிறத்துக்கு வந்தபிறகு பாருங்கள். புல்வெளி வெளிர்ந்திருக்கும், மடிப்புகளில் அடைந்திருக்கும் சோலை மட்டும் கருத்துத் தெரியும். ஆரஞ்சு ஃபில்டர் வைக்கோலை இன்னும் வெளுப்பாக்கும், இலையை இன்னும் கருப்பாக்கும். அவலாஞ்சி, மேல்பவானி பக்கத்து மலைகளை மனதில் வைத்துச் சொல்கிறேன். அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும் இடம். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. ஒரே மாவட்டம்தான், ஆனால் கிழக்கில் மழை என்றால் மேற்கிலும் மழை என்று எண்ண வேண்டாம்.

6. காட்டுப்பூவரசின் சிவப்புப் பூவையும் நீலக்குறிஞ்சியையும் கலரில் எடுங்கள். சிவப்புப் பூவும் பச்சை இலையும் கறுப்பு வெள்ளையில் பெரும்பாலும் ஒரே சாம்பல்தான். குறிஞ்சி 2018இல் பூத்தது, கணக்குப்படி இனி 2030இல். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து பூத்ததைச் சாம்பலாக்க எனக்கு மனம் வராது.

7. கேமராவின் மீட்டர் எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். மேகமும் உறைபனியும் அழுக்கு வேட்டி நிறத்தில் விழுவது அதனால்தான். தலைக்குந்தாவில் விடியற்காலை உறைபனியை எடுக்கும்போது ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். டிஜிட்டலில் ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெந்துபோன வெள்ளையை யாராலும் மீட்க முடியாது. ஃபிலிமில் தலைகீழ்: நிழலுக்கு ஒளி கொடுங்கள், வெளிச்சத்தைக் கழுவும்போது அடக்கிக்கொள்ளலாம்.

8. வைட் லென்ஸ் மலையைச் சிறிதாக்கும். 100 முதல் 200 மி.மீ. வரை உள்ள லென்ஸில் முகடுகள் அடுக்கடுக்காக நெருங்கி வரும். மலைக்கு வைட் வேண்டும் என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள்.

9. காத்திருங்கள். கலரில் எடுப்பவர்களுக்குச் சூரிய உதயம் முடிந்தால் வேலை முடிந்தது. நமக்கு அப்போதுதான் ஆரம்பம். மழை விட்ட நாளில் மேகத்தின் நிழல் சரிவுகள்மேல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு சரிவு இருண்டு, பின்னாலிருக்கும் சரிவில் வெயில் விழும் அந்த ஒரு நிமிஷத்துக்காக உட்கார்ந்திருப்பது வீண் போகாது. முக்காலியை நிறுத்தி, ஃபோகஸ் வைத்துவிட்டு டீ குடியுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கும் நல்ல படம் கிடைக்கும்.

10. போலரைஸர் வைட் லென்ஸில் வேண்டாம். வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருத்துத் திட்டு விழும்.

11. குளிரிலிருந்து அறைக்குள் வந்ததும் பையைத் திறக்காதீர்கள். கேமரா அறையின் சூட்டுக்கு வரும்வரை ஜிப் மூடியே இருக்கட்டும். இல்லையென்றால் லென்ஸ் முழுக்க ஈரம் படியும். அந்த ஈரத்தில்தான் பூஞ்சை வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது மலையில் இருப்பவர்களுக்குச் செலவில்லாத வைத்தியம். மாற்று பேட்டரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் அது சீக்கிரம் தூங்கிவிடும்.

12. முக்குருத்தி தேசியப் பூங்காவுக்கும் காப்புக்காடுகளுக்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். ட்ரோன் ஆசையை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மழைக்காலமென்றால் அட்டைக்கு உப்புப் பொட்டலம்.

13. அச்செடுங்கள். ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1960இல் தொடங்கி, 1967இல் உற்பத்திக்கு வந்து, ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் தாளும் போட்டது. இப்போது மூடிக்கிடக்கிறது. நம் ஊர்க் காற்றைச் சுவாசித்த தாளில் நம் ஊர் மலையை அச்சிட உங்களுக்கு வழியில்லை. பரவாயில்லை, மேட் தாள் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. போன் திரை பின்னாலிருந்து வெளிச்சம் அடிப்பதால் எல்லாப் படமும் அதில் நன்றாகத்தான் இருக்கும். தாளில்தான் நான்காவது முகடும் ஐந்தாவது முகடும் தனித்தனியாக இருக்கிறதா, ஒட்டிக்கொண்டதா என்பது தெரியும். என்னிடம் படம் காட்ட வருபவர்கள் ஏ4 அளவிலாவது அச்செடுத்துக்கொண்டு வாருங்கள். பகலில் வாருங்கள், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்ப்போம்.