கட்டு இறுக்கமாக இருந்தால்தான் எலும்பு கூடுமா?

சென்னை முகப்பேரில் பூங்காச் சறுக்கிலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ பிள்ளை விழுந்து முழங்கை வீங்கினால், அக்கம்பக்கத்தில் முதலில் வரும் யோசனை, "எண்ணெய் போட்டு நீவி விடுங்க." அடுத்தது, "புத்தூர் கட்டு போட்டா சரியாயிடும்." ஆந்திரத்துப் புத்தூரின் பெயரைத் தாங்கிய பலகைகள் சென்னையெங்கும் உண்டு. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பட்டை, இறுக்கிச் சுற்றிய துணி.

5 முதல் 7 வயதுப் பிள்ளைகள் கையை ஊன்றி விழும்போது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது மிகச் சாதாரணம். அந்த முறிவை ஒட்டியே கைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஓடுகிறது. நீவினால் எலும்பு முனை அதைக் குத்தலாம். வீக்கமோ முதல் ஓரிரு நாள் ஏறிக்கொண்டே போகும். மூங்கில் பட்டை அதற்கு இடம் கொடுக்காது. உள்ளே அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் நின்றால், ஏறக்குறைய 6 மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். பிறகு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் 1881இலேயே இதை எழுதிவிட்டார்.

"வலிச்சா எலும்பு கூடுதுன்னு அர்த்தம்" என்பதுதான் எல்லாவற்றிலும் கொடிய நம்பிக்கை. கட்டிய பிறகு வலி ஏறுவது ஆபத்தின் முதல் அறிகுறி. விரலை மெல்ல நிமிர்த்திப் பாருங்கள், பிள்ளை துடிக்கிறதா? நகத்தை அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா? விரல் சில்லிட்டோ மரத்தோ இருக்கிறதா? ஒன்று தவறாகப் பட்டாலும் நடுராத்திரியானாலும் கட்டைப் பிரித்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். பிள்ளை அடம்பிடிக்கவில்லை.

சிலருக்குக் கட்டில் குணமானது உண்மைதான். குழந்தை எலும்பு வேகமாகக் கூடும். லேசான கீறல் முறிவு எந்தக் கட்டிலும் ஆறிவிடும். எது லேசானது என்பதை எக்ஸ்ரே இல்லாமல் கையால் தடவிச் சொல்ல முடியாது.

தீக்காயத்திலும் இதே போன்ற கைவைத்தியங்கள் உண்டு. சுட்ட புண்ணுக்குப் பற்பசை, பேனா மை, காபித்தூள் எதுவும் வேண்டாம். சூடு உள்ளேயே தங்கும், கிருமி சேரும். 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் போதும், ஐஸ் கூடாது. பெரிய தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தனிப் பிரிவே இருக்கிறது.

மறுபடி எலும்புக்கு வருவோம். கை முறிந்தால் இருந்த நிலையிலேயே அட்டை வைத்து, துப்பட்டாவில் தொங்கவிட்டு, 108ஐ அழையுங்கள். அழுகையை நிறுத்தப் பாலோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால், வயிறு காலியாகும்வரை அறுவை தள்ளிப்போகும்.