ஐந்தாவது ‘எஸ்’ வீட்டில் இருக்கிறது



ஓசூர் சிப்காட் கம்பெனிகளுக்கு இன்டஸ்ட்ரியல் விசிட் போகிறவர்கள் சுவரில் மாட்டிய அந்தப் பலகையைப் பார்க்காமல் வர முடியாது. செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. ‘ஐந்து எஸ்’. வேண்டாததைப் பிரி, வேண்டியதை இடத்தில் வை, சுத்தம் செய், அதை அப்படியே காப்பாற்று என்று நான்கையும் வைவாவில் ஒப்பித்துவிடுவோம். ஐந்தாவதற்கு ‘ஒழுக்கம்’ என்று சொல்லி மார்க் வாங்கிவிடுவோம். ஆனால் ஷிட்சுகே தொழிற்சாலையில் பிறந்த சொல் அல்ல. பிள்ளைக்கு உட்காரவும் சாப்பிடவும் பேசவும் சொல்லிக்கொடுத்து வளர்ப்பதற்கு ஜப்பானியர் வீட்டில் வழங்கும் சொல். ‘வளர்ப்பு சரியில்லை’ என்று நம்ம ஊர்ப் பெரியவங்க திட்டுவாங்களே, அந்த வளர்ப்புதான்!

ஜப்பானோடு நம் ஊருக்கு உறவு புதிதல்ல. டி.வி.எஸ். நிறுவனம் 1982-ல் சுசுகியோடு ஒப்பந்தம் போட்டு ஓசூரில் மோட்டார் சைக்கிள் செய்தது. 2001-ல் இருவரும் பிரிந்தார்கள். 2002-ல் டி.வி.எஸ். மோட்டார் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இதனால் நமக்குக் கைசன் தெரியும், போகாயோகே தெரியும். ஜப்பானிய வீடு மட்டும் தெரியாது.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான் முதல். சாயங்காலம் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகப்போகிறேன் என்றதும் அப்பா, “சம்பளம் எவ்வளவு வரும்?” என்றார். அம்மா, “யார் வீட்ல தங்குவே? என்ன சாப்பிடுவே?” என்றார். அப்பாவின் கேள்விக்கு ஏஜெண்டுகள்கூடப் பதில் சொல்லிவிடுவார்கள். அம்மாவின் கேள்விதான் கஷ்டம். எனக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. 2017-ல் இந்தியாவும் ஜப்பானும் செய்த ஒப்பந்தப்படி தொழில்நுட்பப் பயிற்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனி ஏற்பாடு செய்யும் அறையில் நாலைந்து பேராகத் தங்குவார்கள். குடும்பத்தோடு தங்குவது, அதாவது ஹோம்ஸ்டே, மொழிப் பள்ளி மாணவர்களுக்கும், 2007-ல் தொடங்கிய ஜெனிசிஸ் போன்ற இளைஞர் பரிமாற்றத் திட்டங்களில் போகிறவர்களுக்கும் கிடைக்கிற வாய்ப்பு. இரண்டையும் குழப்பி யாராவது பணம் கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

சரி, வீட்டுக்குள் போவோம். வாசற்படிக்குள் தாழ்வான ஒரு இடம், அதற்குப் பெயர் கெங்கான். செருப்பை அங்கேயே கழற்றி, முனை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும். உள்ளே நடக்க ஒரு ஸ்லிப்பர், கழிவறைக்கு வேறு ஸ்லிப்பர். ததாமி என்கிற பாய்த்தரை அறையில் எந்த ஸ்லிப்பரும் கூடாது. இரவில் விரித்த மெத்தையைக் காலையில் மடித்து அலமாரியில் வைக்க வேண்டும். பாயைச் சுருட்டி மூலையில் வைத்து வளர்ந்த நமக்கு இது ஒரு பாடமா?

குளியல்தான் பாடம். தொட்டியில் நாற்பது டிகிரிக்கு மேல் வெந்நீர் இருக்கும். அது குளிக்கிற தண்ணீர் அல்ல! வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, அழுக்கெல்லாம் போகக் கழுவிவிட்டு, பிறகுதான் உள்ளே இறங்கி ஊற வேண்டும். அதே தண்ணீரில் வீட்டார் அனைவரும் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். ஆகவே ஏறி வரும்போது அடைப்பானைப் பிடுங்கிவிடக் கூடாது, மூடியைப் போட்டுவிட்டு வர வேண்டும். நம்மூரில் குடத்துக்குக் காத்திருக்கிற தெருக்காரர்களுக்கு இந்தச் சிக்கனம் உடனே புரியும்.

குப்பையிலும் செய்ரிதான். எரிவது, எரியாதது, பிளாஸ்டிக் பாட்டில் என்று பிரித்து, அதற்கென்று குறித்த நாளில் காலையிலேயே வைக்க வேண்டும். பாட்டிலின் மூடியும் லேபிளும் தனி. ஊருக்கு ஊர் விதி மாறும்.

சாப்பாடு. இரண்டு குச்சியால் நம் கேழ்வரகுக் களியைச் சாப்பிட முடியாதுதான், ஆனால் அவர்கள் சோறு ஒட்டும், பழகிவிடலாம். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. இறந்தவருக்குப் படைப்பது அப்படி. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்பு பொறுக்குவது அப்படி. சைவம் சாப்பிடுகிற நண்பர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். காய்கறி சூப் என்று தருவதிலும் மீன் சாறு கலந்திருக்கலாம்.

நம்மில் பலர் (பையன்களைச் சொல்கிறேன்) சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிற ஜாதி. ஹோம்ஸ்டேயில் நீங்கள் விருந்தாளி அல்ல, அந்த வீட்டுப் பிள்ளை. தட்டை எடுத்து வைக்க வேண்டும். வர நேரமானால் போன் செய்ய வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு அம்மா சமைத்துவிட்டுக் காத்திருப்பார். நம் வகுப்பு மாணவிகள் இந்தத் தேர்வில் நம்மைவிட அதிக மார்க் வாங்குவார்கள் என்பது என் கணிப்பு.

குடும்பம் மட்டுமே நமக்குச் சொல்லித்தரும் என்றில்லை. 1915-ல் ராஷ் பிஹாரி போஸ் ஆங்கிலேயரிடமிருந்து தப்பி ஜப்பான் போனார். டோக்கியோவில் நாகமுராயா என்ற ரொட்டிக் கடை நடத்திய சோமா குடும்பம் பல மாதங்கள் அவரை ஒளித்து வைத்தது. 1918-ல் அந்த வீட்டு மகள் தோஷிகோவையே மணந்தார். 1927-ல் அந்தக் கடை இந்திய முறைக் கறிச் சோறு விற்கத் தொடங்கியது. மருமகன் சொல்லிக்கொடுத்த சமையல்!

மொழிக்கு வருவோம். ஜே.எல்.பி.டி. தேர்வில் ஐந்து நிலைகள், கடைசிப்படி என்-5. ஆனால் எந்த நிலையிலும் பேச்சுத் தேர்வு கிடையாது. பேச்சு வீட்டில்தான் வரும். நமக்கு ஒரு சலுகை உண்டு: வினைச்சொல் கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது எல்லாம் தமிழ் மாதிரியே. சுசுமு ஓனோ என்ற அறிஞர் ஜப்பானிய மொழிக்குத் தமிழோடு உறவு உண்டென்று எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம், வாக்கியம் சுலபமாக அமைகிறது, அது போதும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பஸ்சில் பேசுகிற ஓசூர்க்காரனுக்கு நான்காவது மொழி பயமா என்ன!

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அங்கே ‘இத்தெகிமாஸ்’ என்கிறார்கள். நேரான பொருள், ‘போயிட்டு வரேன்’. உள்ளே இருப்பவர் ‘இத்தெராஷ்ஷாய்’, அதாவது ‘போயிட்டு வாங்க’ என்கிறார். திரும்பி வந்ததும் ‘ததாய்மா’, வந்துட்டேன். பதில், ‘ஒகாயெரி’. என் வகுப்பில் நாற்பது வாக்கியம் மனப்பாடம் செய்தேன். இந்த நாலை மட்டும் மனப்பாடம் செய்யத் தேவைப்படவில்லை.