தீவனப் பயிர்களிற் கலப்பின விதை

"விலைகொடுத்து வாங்கிய விதை ஓங்கிச் சமமாக வளர்ந்தது, அதன் கதிரில் எடுத்த விதையோ நெட்டையும் குட்டையுமாக வளர்ந்தது. காரணம் யாது?" கலப்பினத் தீவன இறுங்கு விதைத்த கமக்காரர் இவ்வாறு வினவுவதுண்டு. அவ்விதை உண்டாகும் முறையை அறிந்தால் விடை விளங்கும்.

ஆண்மலட்டுத் தாய்

இறுங்கின் ஒரே பூவில் மகரந்தமும் சூலகமும் அமைந்துள்ளன. ஆதலால் அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே மணி கட்டும். சிறு பூக்கள் ஒவ்வொன்றிலும் மகரந்தப் பையைக் கையால் அகற்றுதல் வயலளவில் இயலாது. எனவே, சூலகம் குறைவின்றியிருக்க, பயன்படும் மகரந்தம் உண்டாகாத ஆண்மலட்டுச் செடியே தாயாகக் கொள்ளப்படுகின்றது. இறுங்கில் இத்தன்மையை ஸ்டீபன்ஸ், ஹொலண்ட் ஆகிய இருவரும் 1954ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளிப்படுத்தினர். இந்தியாவின் முதற் கலப்பின இறுங்கு 1964இல் வெளிவந்தது.

விதை உற்பத்தி

1. தாய் 4 நிரை, தந்தை 2 நிரை என மாறிமாறி விதைக்கப்படும். இரண்டும் ஒரே காலத்திற் பூத்தல் வேண்டும்.

2. பிற மகரந்தம் காற்றில் வந்து சேராதிருக்க, ஏனைய இறுங்கு வயல்களிலிருந்து 200 முதல் 300 மீற்றர் விலகியிருத்தல் வேண்டும்.

3. தாய் நிரையில் மகரந்தம் உதிர்க்கும் செடி தோன்றின் உடனே பிடுங்கிவிடல் வேண்டும்.

4. தாய் நிரையில் விளையும் மணியே கலப்பின விதையாகும். அதனைத் தந்தை நிரையின் மணியுடன் கலவாது அறுவடை செய்தல் வேண்டும்.

தீவனத்திற்கு இலையும் தண்டுமே பயன்படுவதால், இவ்விதையில் வளரும் பயிர் மணி கட்டாவிடினும் குறையில்லை.

விதை சேமிக்கலாமா?

கலப்பினத்தில் இரு பெற்றோரின் குணங்களும் ஒன்றுசேர்வதால் வீரியம் தோன்றுகின்றது. அடுத்த தலைமுறையில் அக்குணங்கள் பிரிந்து செடிக்குச் செடி வேறுபடும், விளைச்சலும் குன்றும். விதைக்காசு மிஞ்சினும், இறைத்த கிணற்று நீரும் பட்ட பாடும் வீணாகும். மாட்டிற்குத் தீவனமும் போதாது. கலப்பின மிளகாய், தக்காளி விதைகளுக்கும் இதுவே விதி. நெல்லின் நிலைத்த வர்க்கங்கள் தம் மகரந்தத்தாலேயே மணி கட்டுவதால், பிற வர்க்கம் கலவாது பேணின் அவற்றில் விதை எடுக்கலாம்.

ஆண்டுதோறும் விதை வாங்க இயலாதோர்க்குக் கோ-3 புல் ஏற்றது. கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து பெற்ற இதனைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1996இல் வெளியிட்டது. இது முளைக்கத்தக்க விதை தருவதில்லை. எனினும் இரண்டு மூன்று கணுவுள்ள தண்டுத் துண்டுகளை நட்டால் குணம் மாறாது வளரும். அத்துண்டுகளை அயலவரிடமிருந்தே பெறலாம்.

ஆகவே கமக்காரர் கலப்பின இறுங்கிற்கு ஒவ்வொரு போகமும் புதுவிதை வாங்குக. கோ-3 புல்லுக்குத் துண்டு நடுக.