பழைய கணினி: வாங்கலாமா, விடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் குட்வில் போன்ற பழம்பொருள் கடைகளில் எண்பதுகளின் கணினிகள் எப்போதாவது கண்ணில் படுகின்றன. பழைய கணினியைப் போலவே இயங்கிக் காட்டும் எமுலேட்டர் மென்பொருள் இருக்கும்போது அவற்றை வாங்குவது வீண்செலவுதானே?

பதில்: வீண்செலவே இல்லை, தாராளமாக வாங்குங்கள். விளையாட மட்டும்தான் என்றால் எமுலேட்டர் போதும். ஆனால், அதில் ஓடும் மென்பொருள் எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவர் இப்படிப்பட்ட பழைய பெட்டியின் ரோம் சிப்பிலிருந்தும், கூடவே கிடந்த ஃபிளாப்பிகளிலிருந்தும் பொறுமையாகப் படியெடுத்தது அது. எமுலேட்டர் சரியாக இயங்குகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் அசல் இயந்திரம்தான் வேண்டும். படியெடுக்காத ஃபிளாப்பியின் காந்தப்பூச்சு உதிர்ந்துவிட்டால் அதிலிருந்தது போனதுதான். அதனால், கணினியைவிட அதன் பக்கத்தில் கிடக்கும் வட்டுகளையும் கையேட்டையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

இயங்காத பெட்டிக்கு எதற்குப் பணம் என்பார்கள். பல நேரங்களில் அது தானாகக் கெட்டதல்ல, அவசரமாக மின்சாரம் கொடுத்தவர் கெடுத்தது. 1982இல் வந்த கமடோர் 64-இன் பவர் சப்ளை பழுதானால், 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் கூடுதலாகப் பாய்ந்து மெமரி சிப்புகளைக் கொன்றுவிடக்கூடும். புது சப்ளை வாங்கிய பிறகே இணையுங்கள். பழைய மேக்கின்டாஷில் கடிகார பேட்டரி கசிந்து, போர்டின் செப்புத் தடங்களை அரித்திருக்கலாம். உள்ளே பிக்சர் டியூப் இருந்தால் அதில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், பழகியவரே பெட்டியைத் திறக்கட்டும். இடத்தை அடைக்குமே என்ற கவலை நியாயம்தான். வட்டுகளைப் படியெடுத்ததும் பெட்டியை ஓர் அருங்காட்சியகத்துக்கோ ஆர்வலருக்கோ கொடுத்துவிடலாம்.